பருத்திக்காட்டுப் பெண்

கோவில்பட்டி வெயிலில் ஓர் ஓவியத்தைக் கெடாமல் வைத்திருப்பது கடினம். வடக்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும். ஜன்னலுக்குக் கனமான திரை வேண்டும். பத்தொன்பது வருடம் இதையெல்லாம் தவறாமல் செய்தேன்.

பருத்திக்காட்டில் நிற்கும் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். பழைய காலண்டர் ஓவியர் ஒருவர் கையால் வரைந்த அசல் என்று சொல்லி விற்றார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களை இந்தப் படத்தின் எதிரே உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். ஒருவருக்கும் புரியவில்லை.

போன மாதம் கண்ணாடி மாற்ற, படங்களுக்குச் சட்டம் போடும் சுடலைராஜ் வந்தான். படத்தைக் கழற்றியவன் சிரித்தான்.

“அண்ணாச்சி, இது நம்ம வேலதானே. காலண்டர் தாள ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சது. கையெழுத்தும் நான் போட்டதுதான்.”

ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினான். அடியில் அச்சுப் புள்ளிகள் இருந்தன.

“முகமுமா?”

“அச்சுல மூஞ்சி நல்லால்ல. அதான் எம் பொண்டாட்டி செண்பகவல்லியப் பாத்து வரைஞ்சேன். உங்க தீப்பெட்டி ஆபீஸ்லதான் பதினாறு வருசமா பெட்டில குச்சி அடைக்கா. பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை.

மறுநாள் அவளை வீட்டுக்கு வரச் சொல்லிப் படத்தின் அருகே நிற்கவைத்தேன். அதே நெற்றி. அதே கண். கன்னம் ஒட்டியிருந்தது. முன்பல் இரண்டு இல்லை.

“எம்மா, இவளுக்குப் பல்லெல்லாம் இருக்கே,” என்று சிரித்தாள். “போலிதான மொதலாளி? தூரப் போடுங்க. வெளிய தெரிஞ்சா சிரிப்பாவ.”

ஒரே முகம் இரண்டு இருந்தால் ஒன்றுதான் அசலாக இருக்க முடியும். பத்தொன்பது வருடத்தில் படம் மாறவில்லை. மாறியது அவள். இதை நான் கோபத்தில் முடிவு செய்யவில்லை. பத்து நாள் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் விடுமுறை. மருந்து அறையைக் கழுவ வேண்டும் என்று அவளை மட்டும் வரச் சொன்னேன். குச்சிக்குப் பூசும் மருந்தை முந்தின நாளே கலந்து அங்கே வைத்திருந்தேன். அவள் உள்ளே போனதும் கதவை வெளியே தாழிட்டேன்.

“மொதலாளி, கதவு அடைச்சிக்கிட்டுது,” என்றாள். நான்தான் அடைத்தேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் வழியாக ஒரு தீக்குச்சி போதுமானதாக இருந்தது.

விபத்து என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். வேறு ஒருவருக்கும் காயம் படாதபடி கவனமாகச் செய்த காரியம் அது.

சுடலைராஜ் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அவன் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டு வடக்குச் சுவரில் பத்திரமாக இருக்கிறாள்.