முன் சக்கரத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. என் மகன் செல்வக்குமாரின் இறப்பு குறித்த வழக்கை முடித்துவிட்டதாக அன்று காவல் நிலையத்தில் எனக்குச் சொன்னார்கள். காரணம் ‘அதிவேகம்’ என்று எழுதியிருந்தார்கள். என் மகன் சோற்றைக்கூட மெல்ல உண்பவன். மஞ்சள் பையில் ஓர் இரும்பு மரையை, கார்ச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டை, எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதை எவரும் வாங்கிப் பார்க்கவில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான் சார். வாங்குதவிய பாத்து வாங்கணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் குறை இதுதான். இதை மனத்தில் பதித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிறகு முறையாகக் கற்றுக்கொண்டேன். முதலில் குனிய வேண்டும். வண்ணத்தைப் பார்த்துக் கார் வாங்குபவர் அட்டையைப் பார்த்து நூல் வாங்குபவர். குளத்தூர் உப்பளக் காற்றில் நின்ற வண்டியாயின், கதவுக்குக் கீழுள்ள சட்டத்தைத் துரு உள்ளிருந்தே தின்றிருக்கும்; ஆணியால் அழுத்தினால் ஆணி உள்ளே போகும். சட்டைப் பையில் சிறு காந்தம் இருக்கட்டும். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். அடிப்பகுதி மூலைகளில் கரிசல் மண் இறுகிக் கிடந்தால், அந்த வண்டி என்றோ சாலையை விட்டு இறங்கியிருக்கிறது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயைக் காட்டாது.

நான் கோவில்பட்டியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மாணவர்களுக்கு நான் விதித்த விதி ஒன்றுதான்: கேட்ட வினாவுக்கு விடை எழுது, கேளாததை எழுதாதே. வினாத்தாள் அமைப்போருக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கொள்கை. பாடத்தில் இல்லாத வினா ஒன்று பொதுத்தேர்வில் வந்த ஆண்டு, அதை நீக்கக் கோரி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். நீக்கினார்கள். அதற்காக இன்றும் என்னை வணங்கும் பெற்றோர் உண்டு.

என் மகன் வாங்கியது, அறுபதுகளில் சீமையில் செய்த, இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேல்மூடி இல்லாத சிவப்புக் கார். தீப்பெட்டி ஆலை முதலாளி ஒருவரின் கொட்டகையில் கிடந்ததைச் சாமித்துரை என்பவர் வாங்கிச் சீர்செய்து அவனுக்கு விற்றார். எட்டயபுரம் சாலையில் பழைய கார் வாங்கி விற்பவர் அவர். எட்டயபுரத்தைத் தாண்டியதும் வலது முன் சக்கரம் கழன்று, வண்டி பருத்திக் காட்டில் கவிழ்ந்தது. கவிழ்ந்ததால் சக்கரம் கழன்றது என்று எழுதிக்கொண்டார்கள். எது முன், எது பின் என்று எவரும் கேட்கவில்லை.

என் மகன் இறப்புக்குத் துட்டி கேட்க வந்த சாமித்துரை, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அந்த முன் சக்கரக் குடம் ரெண்டும் வேற வண்டியோடது சார். உடைச்ச வண்டியிலருந்து எடுத்து நாந்தான் மாட்டுனேன். ஒங்க பையன் இஞ்சினப் பாத்தாரு, சீட்டப் பாத்தாரு, அதக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லிருப்பேம்லா.”

அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை.

வண்டி என் வீட்டுக்குத் திரும்பியபின், நானே அந்தச் சக்கரங்களை ஆராய்ந்தேன். இவ்வகைக் கார்களில் ஒவ்வொரு கம்பிச் சக்கரத்தையும் அதன் நடுவிலுள்ள ஒரே பெரிய மரைதான் பிடித்திருக்கும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் திருகப்படுபவை. உரிய பக்கத்தில் இருந்தால், வண்டி ஓட ஓட மரை இறுகும். பக்கம் மாறினால், ஓட ஓடத் தளரும். எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை மரையின் மேலேயே பொறித்திருக்கிறார்கள். எழுதியிருப்பதை வாசிப்பது என் தொழில். வலச் சக்கரத்து மரையில் ‘இடம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. சாமித்துரை, சக்கரம் பொருந்தும் குடத்தோடு சேர்த்தே மரையைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தார். ஒரு பொருளும் பழுதன்று. ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். இருந்த இடம்தான் தவறு. அந்த மரையைத்தான் ஆகஸ்டில் பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றுமுதல் எனக்கு ஒரே வேட்கைதான் இருந்தது. அந்தச் சக்கரத்தைப் பற்றி யாரேனும் ஒருவர் என்னிடம் கேட்க வேண்டும். உறவினர் வந்தனர், என் உடல்நிலையைக் கேட்டனர். உடன் பணியாற்றியோர் வந்தனர்; ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டனர். வாயருகே விடையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை மாதங்கள் இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். என் மனைவி கிருஷ்ணவேணியிடம் நானாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவள் கேட்கவில்லை.

ஆகவே வண்டியைச் சீர்செய்தேன். நசுங்கிய முகப்பை நிமிர்த்தி, கதவை மாற்றி, வண்ணம் பூசச் செய்தேன். முன் குடங்களையும் மரைகளையும் மட்டும் சாமித்துரை கொடுத்தபடியே விட்டேன். நான் எதையும் கெடுக்கவில்லை என்பதை இங்கே வலியுறுத்துகிறேன். பிறகு, வீட்டில் அதைப் பார்க்கவே முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன். அது முழு உண்மை.

அவர் ஆணியோடும் காந்தத்தோடும் வந்தார். நேர்மையாகச் சொன்னால், நன்றாகவே ஆராய்ந்தார். வண்டிக்கு அடியில் படுத்துச் சுரண்டி, விரலில் வந்ததைத் தேய்த்துப் பார்த்தார். “கரிசல் விடாதுலா சார். எத்தன தடவ கழுவுனாலும் இருக்கும்” என்றார். என் மகன் விழுந்த காட்டின் மண் அது.

“பொகை வருதா சார்?”

“காலையில் சிறிது வரும். வெண்புகை. நீலப்புகை இல்லை.”

“ரெண்டாவது கியர் சத்தம் போடுமே?”

“போடும். வேகத்தைக் குறைத்துப் போட்டால் போடாது.”

“பரீட்ச எழுதுத மாதிரியே பேசுதீங்க சார்” என்று சிரித்தார்.

பிறகு முன் சக்கரத்தின் அருகே குத்தவைத்தார். விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. சொல் சொல்லாகச் செதுக்கி வைத்திருந்தேன். அவர் மட்டும் கேட்டிருந்தால், வண்டியைக் கொடுத்திருக்கவே மாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். கேளுங்கள், கேளுங்கள் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். அவர் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“இத என்னத்த பாக்க. நான் மாட்டுனதுலா” என்று எழுந்துவிட்டார்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கற்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள அறிவுரை இதுவே: நீங்களே மாட்டியதை முதலில் பாருங்கள்.

தூத்துக்குடியில் ஒருவர் வண்டியைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லி, சாமித்துரை ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துச் செல்ல வந்தார். அதற்கு முன்பே நான் எழுந்து, செப்புச் சுத்தியலால் மரைகளை அடித்து இறுக்கியிருந்தேன். இறுக அடித்த மரை ஊருக்குள் தளராது. எட்டயபுரம் வரை தாங்கும்.

அவருடைய மகள் பிரித்திகாவும் தோள்பையோடு வந்திருந்தாள். தூத்துக்குடியில் விடுதியில் தங்கிப் படிப்பவள். ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி. வகுப்பில் ஓயாது கேள்வி கேட்பாள்.

“பஸ்ல போனா தூத்துக்குடி மட்டும் நின்னுக்கிட்டே போணும் சார். அதான் அப்பா கூட ராசாத்தி மாதிரிப் போகப் போறேன்” என்றாள்.

கிருஷ்ணவேணி என் பக்கம் திரும்பி, “ஏங்க, அந்தப் பிள்ளையும் ஏறுதே, பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பார்த்தேன்” என்றேன். கேட்டதற்கு உரிய விடை அது.

வண்டி எட்டயபுரத்தைத் தாண்டியது. அதே சாலை, அதே வலச் சக்கரம். சாமித்துரை இடுப்பெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். பிரித்திகா அங்கேயே இறந்துவிட்டாள்.

மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தேன். அவர், “முன் சக்கரம் எப்படி சார் கழண்டுச்சு?” என்று கேட்டார். இத்தனை மாதங்கள் நான் காத்திருந்த கேள்வி. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மரை, குடம், இடம், வலம் என ஒன்றுவிடாமல் விளக்கினேன். இடையில் அவர் முகத்தை மூடிக்கொண்டார். ஆயினும் விடையைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எனக்கு இல்லை. முழுமையாகச் சொல்லி முடித்தேன். அதைத்தான் இங்கே எழுதியும் தந்திருக்கிறேன்.

என்னிடம் கேட்கப்பட்ட எந்த வினாவுக்கும் நான் தவறான விடை தரவில்லை என்று எழுதிக் கையொப்பமிடத்தான் இருந்தேன். ஒன்று விடுபட்டிருக்கிறது.

வண்டியில் ஏறுமுன் பிரித்திகா, வலச் சக்கரத்தைக் காலால் மெல்லத் தொட்டு, “செல்வம் அண்ணனுக்கு இந்தச் சக்கரந்தான சார் கழண்டுச்சு? இப்ப சரியா இருக்கா?” என்று கேட்டாள்.

“அது உன் அப்பா மாட்டியது, அம்மா” என்றேன்.

“அப்ப சரி சார்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

நான் சொன்னது உண்மை. அவள் கேட்டதற்கு அது விடையன்று. ஆனால் அவள் வண்டியை வாங்குபவள் அல்லள், ஓட்டுபவளும் அல்லள். அவள் அன்று வருவாள் என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு வினாவுக்கு மட்டும் நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: பாடத்தில் இல்லாத அந்த வினாவை நீக்குங்கள். நீக்கிவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் எனக்கு மதிப்பெண் போடுங்கள்.