சொன்ன பிறகுதான் அழலாம்

ஓடுகிறோம். மழை. கால் நிற்காத சேறு. பின்னால் வெடிச் சத்தம். முதலில் தனித்தனியாக. டப். டப். பிறகு அடுக்கடுக்காக. மலை ஒவ்வொரு சத்தத்தையும் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள் என்று தெரியவில்லை.

மேலேயிருந்து ஓர் ஆண் குரல். “பெண்கள் ஆற்றுக்கு! ஆற்றுக்கு ஓடுங்கள்!” அது எலியாஸ். என்னோடு மருந்தகத்தில் வேலை செய்யும் ரூத்தின் கணவன்.

நான் குப்புற விழுந்து படுக்கிறேன். யாரும் தள்ளவில்லை. வன்னியில் பதின்மூன்று வயதில் பழகியது. சத்தம் கேட்டால் படு. தலையைத் தூக்காதே. வாயில் தமிழ்தான் வருகிறது. “படுங்கோ! எல்லாரும் படுங்கோ!” பப்புவா நியூகினியின் மலைக்காட்டில் அது யாருக்கு விளங்கும்?

ரூத் என் கொலரைப் பிடித்துத் தூக்குகிறாள். “எழும்பு! இது வானத்திலிருந்து விழாது. நடந்து வரும்!”

அவள் சொன்னது சரி. ஷெல்லுக்குப் படுக்க வேண்டும். ஆளுக்கு ஓட வேண்டும். எனக்கு ஒரு போர்தான் தெரிந்திருந்தது.

நான் லண்டனில் தாதி. பங்குக் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள். மலைநாட்டு மருந்தகம் ஒன்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஆள் தேவை. போனேன். ஊரின் பெயரை எழுத மாட்டேன். சண்டைக்குப் பிறகு திரும்பி வந்து குடியிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பப்புவா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு போன மடைச்சி நான். இரவில் பல் கிட்டும் குளிர். தெரு கிடையாது. புல்வெளியில் சின்ன விமானம் இறங்கும், முகில் விட்டால். விடாவிட்டால் மருந்து தோளில் வரும், இரண்டு நாள் நடை. வீட்டு நடுவில் நெருப்பு. புகை போக வழியில்லை. ஊர் முழுவதும் இருமும். காலையில் வற்றாளங்கிழங்கு. மத்தியானம் கிழங்கு. இரவு, ஒரு மாற்றத்துக்கு, கிழங்கு. பிள்ளை பெறப் பெண்கள் மலை ஏறி நடந்து வருவார்கள். வழியில் பெற்றுவிட்டு வருபவர்களும் உண்டு.

ரூத்தும் நானும்தான் மருந்தகம். அவள் இரண்டு மலை தாண்டிக் கல்யாணம் கட்டி வந்தவள். என் குசினியைப் பார்த்து வாய் விட்டுச் சிரிப்பாள். தேநீருக்கு இவ்வளவு சாமான் எதற்கு என்பாள். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

சண்டை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். காணி என்றார்கள். பழைய கொலை ஒன்று என்றார்கள். முன்பெல்லாம் வில்லும் அம்புமாம். பெண்களைத் தொட மாட்டார்களாம். நான் கண்டது துவக்கு.

அன்று செவ்வாய்க்கிழமை. மருந்தகத்தில் ஒருத்தி இருந்தாள். மரியா. முதல் நாள் பிள்ளை பெற்றவள். ரூத் பிள்ளையைத் துணியில் சுற்றித் தன் நெஞ்சோடு கட்டியிருந்தாள். ஆற்றின் மேல் கொடிப் பாலம். அதன் இக்கரை முனையில் நின்று பிள்ளையை அவிழ்த்து என்னிடம் தருகிறாள்.

“நீ போ! நான் தாயைக் கூட்டி வாறன்!”

பாலம் ஆடுகிறது. பிள்ளை அழவில்லை. நான் அக்கரையில். திரும்பிப் பார்க்கிறேன். ரூத் மரியாவைத் தாங்கிக்கொண்டு மருந்தகத்திலிருந்து வெளியே வருகிறாள். மேட்டில் எலியாஸ் கையை விரித்து வழியை மறித்து நிற்கிறான். டப். எலியாஸ். டப். டப். பிறகு அந்த இரண்டு பெண்களும் நிலத்தில். பிறகு புகை. அந்தப் பக்கம் யாரோ பாலத்தை வெட்டினார்கள்.

எங்களோடு ஓடியவர்கள் காட்டுக்குள் முன்னால் போய்விட்டார்கள். இதைக் கண்டது நான் மட்டும்.

இப்போது மறுபடி லண்டன். செவன் கிங்ஸில் ஓர் அறை. ஷிப்ட். பஸ். அறை. பக்கத்து அறைக்காரரின் இருமல் தெரியும். முகம் தெரியாது. குட்மேய்ஸில் அண்ணை இருக்கிறார். பஸ்ஸில் பத்து நிமிடம். இருந்தும் தனிமைதான். அதை அவரிடம் சொல்ல ஏலாது.

“ஒரு சண்டைக்குத் தப்பினது காணாதெண்டே இன்னொண்டைத் தேடிப் போனனீ? இனி அந்தக் கதையை விடு பிள்ளை. சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்பேன். அவர் வெட்டிப் பேசுவது பாசத்தில்தான். போர் முடிவதற்கு முன்பே லண்டன் வந்தவர். அப்பாவைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை.

போன மாசி மாதம் ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியவர் ரூத் பிறந்த ஊர்க் கோவிலின் உபதேசியார். ரூத்தின் தாய் இன்னும் அழவில்லை என்றார்.

அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி. சாவுச் செய்தி காற்றில் வந்தால் போதாது. கண்டவர் தன் வாயால் சொல்ல வேண்டும். ஆட்கள், பன்றிகள், வீடுகள், தோட்டம். ஒன்றும் விடாமல். அதன் பிறகுதான் அழலாம். அரைகுறைச் செய்திக்கு அழுதால் செத்தவர் வீடு வந்து சேரமாட்டார். தாய்க்கு நெஞ்சு வருத்தம். இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டாள். கண்டவள் நீ, நீ சொல்ல வேண்டும் என்றார்.

எடுத்தேன். அவருடைய தொலைபேசி மணி அடிக்கவில்லை. மறுநாள் எடுத்தேன். அடுத்த கிழமையும். அங்கே சிக்னல் கிடைப்பது ஒரு மேட்டில் மட்டும். அதுவரைக்கும் அந்த மனுசியை யாராவது தூக்கி ஏற வேண்டும். அவள் அழாமலே செத்துவிடுவாள் என்று பயந்தேன். வேலையில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. தேநீர் ஊற்றுகிறேன். தொலைபேசி. காற்றுச் சத்தம். பெண்கள் பலர் மூச்சு வாங்கும் சத்தம். உபதேசியார் சொல்கிறார். “தூக்கி வந்துவிட்டோம். சொல்லுங்கள்.”

சொன்னேன். அவர் அவர்கள் மொழியில் திருப்பிச் சொன்னார்.

ரூத். உங்கள் மகள். எலியாஸ். அவள் கணவன். மரியா. பிள்ளை பெற்றவள். பெயர் தெரியாத இரண்டு பேர், சுட வந்தவர்களின் பக்கம். அடுத்த நாள் ஆற்றில் கண்டேன். அவர்களையும் சொன்னேன். மருந்தகம். அதன் தடுப்பூசிப் பெட்டி. வீடுகள், மேட்டில் இருந்த அத்தனையும். ரூத்தின் கறுப்புப் பன்றி, குட்டிகளோடு. கிழங்குத் தோட்டம். பாலம். மரியாவின் பிள்ளையைச் சொல்லவில்லை. அவள் பெரியம்மாவிடம் இருக்கிறாள். நடக்கிறாளாம்.

அங்கே யாரும் அழவில்லை. தாய் ஏதோ கேட்டாள். உபதேசியார் தயங்கினார்.

“உங்கள் ஆட்கள் யார் யார் என்று கேட்கிறா. உங்களுக்கும் போர் நடந்தது என்று ரூத் சொல்லியிருக்கிறாளாம். அதைச் சொல்லாமல் பாதியில் விடக் கூடாதாம்.”

குரோய்டனில், அகதி விசாரணையில், என்னிடம் திகதி கேட்டார்கள். இடம் கேட்டார்கள். அது அவர்கள் வேலை. யார் யார் என்று இப்படி ஒருவரும் கேட்டதில்லை. தேநீரைத் தள்ளி வைத்தேன்.

அப்பா. பெயர் சவரிமுத்து. தண்ணீர் எடுக்கப் போனவர். தம்பி நிரோஜன். எட்டு வயது. அப்பாவின் பின்னால் ஓடினவன். இருவரையும் ஒரே குழியில் வைத்தோம். அடையாளம் இல்லை. பசு ஒன்று, கன்றோடு. வீடு. சைக்கிள். அம்மா பிறகு முகாமில், காய்ச்சலில்.

ரூத்தின் தாய் என் தம்பியின் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிழையாக வந்தது. மறுபடி சொல்லச் சொன்னாள். நி-ரோ-ஜன் என்றேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னாள்.

அதன் பிறகு பெண்கள் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். ரூத் என்று கேட்டது. எலியாஸ். மரியா. சவரிமுத்து. நிரோஜன்.