கல்வெட்டுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

"ஹலோ... ஹலோ சார், ஜெயப்பிரகாஷ்தான். ஆம்பூர் சைட்டுல இருந்து... ஆமா சார், ஆமா. சத்தமா? கல்லு ஒடைக்கற சத்தம் சார். இல்ல, வேலை நடக்கல. நம்ம கல்வெட்டத்தான் ஒடைக்கறாங்க."

மறுமுனையில் சென்னை அலுவலகத்து இயக்குநர் மூச்சை உள்ளே இழுப்பது ஜெயப்பிரகாஷுக்குத் தெளிவாகக் கேட்டது. ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனத்தின் கள அலுவலன் அவன். நாளை சாவி கொடுக்கும் விழா. நன்கொடை தந்த வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வருகிறார்கள்.

"யாரா? வீட்டுக்காரம்மாதான் சார், மேகலா. ஷூ கம்பெனியில தைக்கறவங்க... குடிச்சிட்டா? சார், அவங்க டீயிலயே சக்கரை கம்மியாத்தான்... ஐயோ! தலைய குனிங்கடா!"

நெல்லிக்காய் அளவு கருங்கல் சில்லு காதைக் கிழித்துக்கொண்டு போனது. தொட்டுப் பார்த்தான், விரலெல்லாம் ரத்தம்.

"ஒண்ணுமில்ல சார், காதுதான்... மேஸ்திரி சீனிவாசனா? தடுத்தாரு சார். அவங்க முடியப் புடிச்சி செவுத்துல மோதினாரு. அவங்க சம்மட்டிய அவரு மொழங்கால்ல போட்டாங்க. எலும்பு வெளிய தெரியுது. ஆட்டோ சொல்லிருக்கேன்... சம்மட்டி யாருதா? நம்மளுதுதான் சார். பிடியில நம்ம சின்னமே இருக்குது. வீட்டுக்காரங்களும் உழைக்கணும்னு நாமதானே குடுத்தோம்?"

நெற்றியில் வழிந்த ரத்தம் புருவத்தில் தேங்கி நிற்க, மேகலா மறுபடி ஓங்கினாள். பொன்னெழுத்தில் மின்னிய 'அன்புடன்' இரண்டாகப் பிளந்தது.

"காரணமா... கல்வெட்டு ரோட்டுப் பக்கம் இருந்தாத்தான் போட்டோவுல விழும்னு சொன்னீங்களே சார்? அங்கதான் சமையக்கட்டு ஜன்னல். அத செங்கல் வெச்சி அடைச்சிட்டுத்தான் பதிச்சோம். அந்தக் கட்டுக்கு வேற ஜன்னல் கெடையாது... இருங்க சார், கேளுங்க. நல்ல நேரம் இன்னிக்குத்தான். நம்ம விழா வெளிநாட்டுக்காரங்க ஃப்ளைட் டிக்கெட்ட பாத்து வெச்சது. அதனால மேகலா காலையிலயே வெறகு மூட்டிப் பால் காய்ச்சிட்டாங்க. புகை போக வழியில்ல. புருசன் பூவரசன் தோல் பதனிடற ஷாப்புலயே நெஞ்சு போனவரு. நீலமா போய்ட்டாரு சார். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. திரும்புவாரான்னு தெரியல... நாப்பது நாட்டுல கட்டியிருக்கோம், எங்கயும் இப்பிடி நடக்கலையா? அங்கல்லாம் ஜன்னல் வுட்டிருப்பாங்க சார்."

மறுமுனை நெடுநேரம் பேசியது. மனிதநேயம், கூட்டு முயற்சி, ஊடகம் எல்லாம் வந்துபோயின.

"ஆமா சார்... ஆமா... ஃப்ளெக்ஸா? அதே எடத்துலயா?... ஓட்டை தெரியாம இழுத்துக் கட்டணுமா?"

மேகலா கை ஓய்ந்து, ஜல்லியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க பேரா?... இருக்குது சார். கீழ் ஓரத்துல, டாக்டர் பட்டத்தோட முழுசா இருக்குது. ஒரு கீறல் இல்ல... லைன்லயே இருங்க சார். வெச்சிடாதீங்க."

போனை மணல் குவியலில் வைத்தான்.

"அக்கா, சம்மட்டியக் குடுங்க. கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

முதல் அடி இயக்குநருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இரண்டாவது அடிக்கு முன்பே இணைப்பு அறுந்தது. பெயருக்குப் பின்னால் ஜன்னலை அடைத்த செங்கல் இருந்தது. ஜெயப்பிரகாஷ் நிறுத்தவில்லை.