மேரி அக்கா கொடுத்த மெழுகுவர்த்தி

"சர்ச்சுன்னு சொல்லி வெறும் செவுத்துகிட்ட கூட்டினு போயிருக்க!"

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் சீறினார். மடியில் மகள் தூங்கினாள். காலடிப் பெட்டியில் விமான நிலைய அடையாளச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"ஹாங்காங் பக்கத்துல அந்த மக்காவ் ஊர்ல அதான் பேர்போன சர்ச்சு. எரிஞ்சிபோயி முன்பக்கம் மட்டும் நிக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்? போட்டோவுல முழுசாதான் இருந்திச்சி."

"பக்கத்துலயே வேற சர்ச்சு இருந்திச்சே! சூதாட்ட ஹாலப் பாக்கணும்னு நீ உள்ள போய்ட்ட. கொழந்தைய வுடமாட்டோம்னு சொல்லிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் வெளிய நின்னோம். நீ வர்றதுக்குள்ள சர்ச்சப் பூட்டிட்டாங்க."

"மொத தடவ வெளிநாடு போறோம், பாக்க வேணாவா? மெழுகுவர்த்திய நம்ம ஊர் சர்ச்சுல ஏத்திடு. யாருக்குத் தெரியப்போவுது?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கணவரின் கையில் திணித்தார்.

"ஆஸ்பத்திரியில கெடக்குற தன் மவனுக்காக அங்க ஏத்தச் சொல்லி மேரி அக்கா குடுத்தது. ஏத்தினீங்களான்னு கேப்பாங்க. உன் வாயாலயே சொல்லு."

பஸ் நின்றது. கீழே ஒரு பெண்மணி சிரித்தபடி இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"தோ, மேரி அக்காவே வந்துட்டாங்க. எறங்கு."

கணவர் எழுந்திருக்கவில்லை.

"எறங்குய்யா!"