ரெண்டு மார்க்கு மூடி

…இல்ல, நான் கேக்கேன், ஒரு பொம்பள பொறுமைசாலியா இல்லையான்னு பத்தாப்புப் பிள்ளைககிட்டயா கேக்கது? அதுவும் பரீட்சையில? ‘சரியா, தவறா’ன்னு போட்டு, ஒரு மார்க்குக்கு? இருநூத்திப் பத்துப் பிள்ளைக எழுதியிருக்குதுக தங்கச்சி. அதுல நூத்தித் தொண்ணூறு ‘தவறு’ன்னு எழுதியிருக்குதுக. அம்புட்டுக்கும் மார்க்கு குடுத்திருக்காரு அந்த வாத்தியாரு! எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க?

கொஞ்சம் அங்கன தள்ளி உக்காருங்க. முட்டியில இடிக்குதோ? ஒண்ணுமில்ல, சாக்குக்குள்ள கோழிக்கூடைதான். வெறுங்கூடை. கோழி இல்ல, பயப்படாதீக. கண்டக்டர்ட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன். கனமா இருக்கா? மழையில நனைஞ்சா கூடை கனக்கத்தான செய்யும்.

விருதுநகர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். நான் பொறுமையா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க… என்னது? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள ஜன்னலப் பாக்கீக!

திருத்தங்கல்ல எங்க வீட்டு மாடியில கதிரவன்னு ஒரு வாத்தியாரு வாடகைக்கு இருக்காரு. இங்கிலீசு வாத்தியாரு. சின்ன வயசு. குத்தம் சொல்லக் கூடாது, தண்ணித் தொட்டி நெறஞ்சா அவரே ஓடிவந்து மோட்டார நிப்பாட்டிருவாரு. அவரு தலையில இந்த வருசம் அரைப்பரீட்சை இங்கிலீசு பேப்பரக் கட்டிட்டாக. நாலு பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பேப்பராம். அதுல ஒரு கதையப் போட்டு, கீழ கேள்வி கேப்பாகளாம். பிள்ளைக கதையப் படிச்சு, அதுக்குள்ள இருந்தே பதில எடுத்து எழுதணும். பாடப் புஸ்தகத்துக் கதை கூடாது, நோட்ஸ்ல உள்ளது கூடாது. படிச்சாப் புரியுதான்னு பாக்குற பரீட்சையாம்.

போன வருசம் யாரோ பனிக்கரடிக் கதையப் போட்டிருக்காக. நம்ம பிள்ளைக ஐசு பாத்தது குச்சி ஐசுலயும் மீன்கடையிலயுந்தான். ‘கரடி ஏன் நடுங்கவில்லை?’ன்னு கேட்டதுக்கு ஒருத்தன் ‘அதற்குக் காய்ச்சல் இல்லை’ன்னு எழுதியிருக்கான். அவன் எழுதினதுல தப்பென்ன, சொல்லுங்க?

அதனால இந்த வருசம் நம்ம ஊருக் கதையாப் போடுவோம்னு இவரு உக்காந்தாரு. பட்டாசு ஆபீஸப் பத்தி எழுதினா விபத்துல போயி முடியுது, பிள்ளைக பயந்துரும்னு கிழிச்சிட்டாரு. காலண்டர் ஆர்டரப் பத்தி எழுதினாரு. எங்க வீட்டுக்காரருக்கு அதான தொழிலு, கேட்டுக் கேட்டு எழுதினாரு. கடைசியில பாத்தா அதுல கதையே இல்ல, தேதிதான் இருக்குன்னு அதையும் கிழிச்சிட்டாரு. மாடிப்படியெல்லாம் ஒரே கிழிச்ச காயிதம்.

நான் அப்ப அடுப்படியில நின்னு என் ஓரகத்திய வஞ்சுக்கிட்டு இருந்தேன். அவ விருதுநகர்ல இருக்கா, கேக்காதுதான். இருந்தாலும் வையணும்ல? தெனம் அசர் தொழுதிட்டு ஒரு கால் மணி நேரம். பதினோரு வருசமா ஒருநா விட்டதில்ல. வாத்தியாரு பாதிப் படியில நின்னு கேட்டுருக்காரு. எறங்கி வந்து, “அக்கா, இதுல ஆரம்பம் இருக்கு, நடு இருக்கு, முடிவு மட்டுந்தான் இல்ல. பரீட்சைக்கு இதுமாதிரிதான் வேணும்”னாரு. ஒரு நோட்டையும் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. என் பேச்ச ஒருத்தர் எழுதிக்கிடுறாகன்னா… எனக்கும் கொஞ்சம் பெருமையாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு நான் பேசினா காலண்டர்க் கட்ட எண்ண ஆரம்பிச்சிருவாக.

என்ன கதையா? அப்பிடிக் கேளுங்க!

எங்கம்மா வீட்டுச் சீரு, செம்புத் தேக்சா. அஞ்சு படி அரிசிக்குப் பிரியாணி ஆக்கலாம். மூடியத் தூக்கவே ரெண்டு கையும் விரிக்கணும். தொண்ணூத்தாறு ஐப்பசியில என் கொழுந்தன் பெஞ்சாதி ஷாஹிதா, அவ தம்பி நிச்சயத்துக்கு வேணும்னு கேட்டா. அப்ப பக்கத்து வீட்டுலதான் இருந்தா. சாயங்காலம் எடுத்துட்டுப் போனா, விடியக்காலம் தேக்சா திரும்பி வந்துச்சு. மூடி வரல. ‘எங்கடி மூடி?’ன்னேன். ‘நீங்க குடுக்கவே இல்லியேக்கா, நான் தாம்பாளத்த வச்சுத்தான் தம் போட்டேன்’னா. எப்பிடிப் பேச்சு! குடுத்தேன், மூடியோடதான் குடுத்தேன். எனக்கா ஞாபகம் இல்ல? அன்னைக்குப் பேஞ்ச மழைகூட எனக்கு ஞாபகம் இருக்கு தங்கச்சி. தேக்சா எடுக்க வாசல்ல ஆளு நிக்குது, முத்தத்துல என் கோழி ஒன்பது குஞ்சோட கூடைக்குள்ள நனையுது. கூடை ஓட்டைக் கூடை. கையில கெடச்சத எடுத்து அதுமேல கவுத்திட்டு ஓடியாந்து தேக்சாவத் தூக்கி விட்டேன். கோழிக்கூடை மேல மழை விழுந்து ண்ணங் ண்ணங்னு, பள்ளிக்கூடத்து மணியாட்டம்… இன்னும் என் காதுல கேக்குது. அம்புட்டு ஞாபகம் வச்சிருக்கவ மூடியக் குடுத்தத மறப்பேனா?

இதெல்லாம் ஒண்ணு விடாம வாத்தியார்ட்டச் சொன்னேன். மழைச் சத்தத்தக்கூட விடல, நல்ல வர்ணனைன்னு எழுதிக்கிட்டாரு. “பேர மட்டும் மாத்திருதேன்க்கா. நீங்க மேரி, அவுக ரோசி”ன்னாரு. மேரிக்கு எதுக்கு சார் தேக்சான்னேன். கேக்கல. இப்பத் தெருவுல நான் கைருன்னிசா இல்ல. நேத்து ரேசன் கடையில ஒரு பிள்ள, ‘மேரி அத்த, பைய வைங்க, நான் நிக்கேன்’ங்குது.

கேள்வியெல்லாம் என்னன்னு கேளுங்க. மொதக் கேள்வி, ‘மேரியும் ரோசியும் எத்தனை வருடம் பேசவில்லை?’ சரி, அது கணக்கு. ரெண்டாவதுதான் அந்தப் பொறுமை. மூணாவது, பிடிவாதம்ங்கிற அர்த்தத்துல ஒரு இங்கிலீசுச் சொல்லக் குடுத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்காரு. இருநூத்திப் பத்து வாக்கியத்துலயும் நாந்தான்! ஒருத்தன் ‘மேரியின் பிரியாணி பிடிவாதமாக வேகாது’ன்னு எழுதியிருக்கான். அவன் எங்க வீட்டு விருந்துக்கு வந்தவனாத்தான் இருக்கணும். நாலாவது, கதைக்குத் தலைப்பு. அத என் வாயால சொல்ல மாட்டேன்.

அஞ்சாவது கேள்வி, ரெண்டு மார்க்கு. ‘மூடி எங்கே இருந்தது?’ அதுக்குப் பதிலு, ‘கதையில் சொல்லப்படவில்லை’. அப்பிடித்தான் விடைத்தாள்ல எழுதி நாலு பள்ளிக்கூடத்து வாத்தியாருகளும் கையெழுத்துப் போட்டிருக்காக. இல்லாததத் தேடாமப் பிள்ளைக இருக்குதுகளான்னு பாக்குற கேள்வியாம்.

அதுக்கு ஷாஹிதா மக ருக்சானா… ஆமா, அவளுக்கும் இதே பேப்பர்தான், விருதுநகர்ப் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைக்குப் படிச்சதும் தெரிஞ்சு போச்சு யாரு மேரி, யாரு ரோசின்னு. ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கு. ‘என் அம்மா எடுக்கவில்லை.’ அம்புட்டுத்தான். வாத்தியாரு என்கிட்ட வாசிச்சுக் காட்டினாரு. கதைக்கு வெளிய இருந்து எழுதிட்டா, மார்க்கு கெடையாதுன்னாரு.

…

ஒண்ணுமில்ல. தண்ணி இருந்தாக் குடுங்க.

இன்னொரு பிள்ள, இசைவாணி. எங்க பின்தெரு இருளம்மா மக. இருளம்மா பட்டாசு ஆபீஸ்ல திரி வைக்கப் போறவ, காலையில ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்துரும். அந்தப் பிள்ள என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘மூடி கோழிக்கூடை மேல் இருந்தது. ஏனென்றால் கூடை மேல் மழை விழுந்தால் மணிச் சத்தம் வராது.’

வாத்தியாரு சிரிச்சுக்கிட்டே வந்து வாசிச்சாரு. என் கையில இருந்த டம்ளரு கீழ விழுந்துட்டு. “அக்கா, கதை உங்க கதை. விடைத்தாள்ல இது இல்ல. நீங்களே சொல்லுங்க, மார்க்குப் போடவா, வேணாமா?”ன்னாரு.

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கீக?

‘முட்டை போடுங்க சார்’னேன்.

அப்பிடிப் பாக்காதீக. ஒரு பத்தாப்புப் பிள்ள என் வீட்டு முத்தத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லலாமா? ‘தப்பு சார், சுத்தத் தப்பு, முட்டை போடுங்க, ரெண்டு முட்டையாப் போடுங்க’ன்னேன். அவரும் போட்டுட்டாரு. நேத்துச் சாயங்காலம் இருளம்மா அழுதுக்கிட்டு வந்து நிக்கா. பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டாகளாம், இசைவாணி முப்பத்துநாலு. முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாஸு. இங்கிலீசுலயே தேறாதவளுக்குப் படிப்பு எதுக்கு, திங்கக்கிழமை அம்மாகூட வேன்ல ஏறட்டும்னு அவ அப்பன் முத்துக்கருப்பன் சொல்லிட்டானாம். ‘உங்க வீட்டு வாத்தியார்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா’ன்னு என் கையப் பிடிக்கா. என் கையத் தங்கச்சி! முட்டை போடச் சொன்ன இந்தக் கையி… சரி, வாயி.

ராத்திரி உறக்கம் இல்ல. நானும் ஆறாப்புல இங்கிலீசுல முட்டை வாங்கி நின்னவதான். அன்னைக்கு எனக்காகச் சாக்கத் தூக்கிக்கிட்டு ஒருத்தரும் பஸ் ஏறல.

காலையில வாத்தியார்ட்டச் சொல்லலாம்னா அவரு மொத பஸ்ஸுக்கே போயிட்டாரு. இன்னைக்கு நாலு பள்ளிக்கூடத்து வாத்தியாருகளும் விருதுநகர்ல உக்காந்து மார்க்கு லிஸ்ட்ட முடிக்கிறாக. மூணு மணிக்கு ஒட்டிருவாக. போன் போட்டேன். ‘சார், அந்தப் பிள்ளைக்கு மார்க்கப் போட்டுருங்க’ன்னேன். “அன்னைக்கு முட்டைங்கீக, இன்னைக்கு மார்க்குங்கீக. எரக்கப்பட்டுச் சொல்றீகன்னு மத்தவுக நெனைப்பாகக்கா. அந்தப் பதிலு சரின்னு ஆதாரம் வேணும்”னாரு. ஆதாரம்! பாத்தீகளா? ரெண்டு மார்க்குக்கு மணி அடிச்சுக்காட்டணும் போல!

அதான்… சாக்க அப்பிடி உத்துப் பாக்காதீக தங்கச்சி. கூடைதான்னு சொன்னேன்ல.

…

சரி. கூடை இல்ல.

அன்னைக்கு விடியக்காலம் வாசல்ல நின்னு சண்ட போட்டேன்ல, தெருவே எந்திரிச்சு வந்துட்டு. ஷாஹிதா அழுதுக்கிட்டே போனா. நான் மூச்சு வாங்கிக்கிட்டு உள்ள வந்தேன், கோழிக்கு நொய்யரிசி போடலாம்னு முத்தத்துக்குப் போனேன். கூடை மேல பளபளன்னு உக்காந்திருக்கு. ஒரு மணி நேரம் தங்கச்சி. ஒரே ஒரு மணி நேரம் முந்தி நொய் போட்டிருந்தா சண்டையே இல்ல. ஆனா அதுக்குள்ள ஜமாத்துத் தலைவர் வீடு வரைக்கும் சொல்லிட்டேனே! சொன்னத எப்பிடித் திருப்பி வாங்குறது? பரண்ல ஏத்தி, விக்காமப் போன காலண்டர்க் கட்டுக்குப் பின்னால வச்சேன். நாளைக்குச் சொல்லுவோம்னுதான் வச்சேன். மறுமாசம் அவ விருதுநகருக்குக் குடி போயிட்டா.

பதினோரு வருசமா ஒவ்வொரு பெருநாளைக்கும் தாம்பாளத்தக் கவுத்து, மேல அம்மிக் குழவியத் தூக்கி வச்சுத் தம் போடுதேன். ஆவி பூராம் வெளிய போயிரும். அரிசி ஒருபக்கம் கொழகொழ, ஒருபக்கம் வெறச்சு நிக்கும். எங்க வீட்டுக்காரரு வாயத் தொறக்காமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவாக. மேல பரண்ல மூடி, கீழ வேகாத பிரியாணி. ஷாஹிதாவ வஞ்சுக்கிட்டே பரிமாறுவேன். அவளும் ஒவ்வொரு பெருநாளைக்கும் இனிப்பா வட்டிலப்பம் அவிச்சுக் குடுத்து விடுவா. நான் திருப்பி அனுப்பிருவேன். அனுப்பிட்டு…

என்ன தங்கச்சி, எந்திரிக்கீக? இது ஆமத்தூருதான, விருதுநகருக்குல்ல டிக்கெட் எடுத்தீக? ஏம்மா… குடையக்கூட விரிக்காம எறங்கி ஓடுதாளே! இம்புட்டு நேரம் வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லல. ஊமையோ என்னவோ.

…

யா அல்லா, என்ன மழை! பஸ்ஸு கூரை ஒழுகுதே… சாக்கு மேலயே விழுது. இரு, இந்தப் பக்கம் நகத்துவோம்… இங்கனயும் ஒழுகுதா…

ண்ணங்.

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, திரும்பாதீக எல்லாரும்!

ண்ணங். ண்ணங்.

என்ன கண்டக்டரே? சத்தமா? அது… கோழிக்கூடைதான், ஏறும்போதே சொன்னேன்ல. என்னது? ‘கூடை எங்கனயாச்சும் மணி அடிக்குமா’ன்னா கேக்கீக? ரப்பே! அந்தப் பிள்ள எழுதினத வரி மாறாமச் சொல்றீகளே! நீங்க எத்தனாப்புப் படிச்சீக? எட்டாப்பா? எட்டாப்புப் படிச்ச உங்களுக்கு ஒரு நிமிசத்துல தெரியுது, அந்த நாலு வாத்தியாருகளுக்கும் தெரியலியே! நீங்க வந்து சாட்சி சொல்றீகளா? வேலை இருக்கா… சரி, சரி.

விருதுநகர் வந்துட்டு. வாத்தியாருக உக்காந்திருக்க அந்தப் பள்ளிக்கூடத்து முக்குல நிப்பாட்டுங்க. மணி என்ன? ரெண்டரைதான? அரை மணி நேரம் இருக்கு. பள்ளிக்கூடத்துல காட்டிட்டு, அடுத்த தெருவுக்குப் போகணும். அங்கனதான் ஷாஹிதா வீடு. அவகிட்ட என்ன சொல்லணும்னு இன்னும் யோசிக்கல. மூடியக் குடுத்துட்டு வந்துருவோம்… குடுத்துட்டா அவளே கேப்பா. கேக்கட்டும்.

குடையா? எடுத்துட்டு வரல. கெளம்புற அவசரத்துல மூடியத்தான் எடுத்தேன். அந்தச் சாக்க மட்டும் உருவி விடுங்க கண்டக்டரே… அப்பிடி. தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டா நனையாது, கோழி நனையல, நானா நனையப் போறேன்? எம்மா, என்னா கனம்!

நிப்பாட்டியாச்சா? எறங்குதேன், எறங்குதேன்.

ண்ணங், ண்ணங், ண்ணங்…

ஜன்னல்ல எல்லாம் தலை தெரியுது, வாத்தியாருகளா, பிள்ளைகளா, கண்ணு தெரியல. கண்டக்டரே, அந்த விசிலக் கொஞ்சம் பொறுத்து ஊதுங்க. மொதல்ல இது கேக்கட்டும்.