தண்ணி வழி

டீ வேண்டாம் சார், கடையில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். சோலார் வேலிக்கு அனுமதி வாங்கினேனா என்று கேட்டீர்கள். வாங்கியிருக்கிறேன். இத்தோடு என்னை அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. ஜீவானந்தத்தைக் காட்டெருமை முட்டியது, பாவம், விபத்து என்று எழுதி ஃபைலை மூடிவிடுவீர்கள். கேள்வியே தப்பாக இருந்தால் எனக்கு எரிச்சல் வரும் சார். ஃபாரஸ்ட் ஆபீஸ் வரை வரவழைத்துவிட்டீர்கள், முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

ஏற்காடு கடைவீதியில் பெயின்ட், குழாய் சாமான் விற்கிறேன். சாதிக் பாஷா என்றால் யாரும் வழி காட்டுவார்கள். நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஜீவா அந்த ஊர்க்காரன், பிளம்பர், என்னைவிடச் சின்னவன். சாமான் வாங்க வந்து பழக்கமானான். மழைக்காலத்தில் கடைவீதியில் ஈ காக்கா இருக்காது. அப்போது கடையின் பின்னறையில் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவோம். வெறும் நிலம், காடு, ஆறு. ஆளுக்குக் கொஞ்சம் குடியேறிகள். ஒருவர் தன் ஆட்களை நகர்த்தியதும் மவுஸை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து ஊர் அமைத்து, அதை நாடாக வளர்க்க வேண்டும். ஊரை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

அதில் நான் கெட்டிக்காரன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் ஆறு ஓட வேண்டும், முதுகுக்குப் பின்னால் மலை இருக்க வேண்டும், இரும்போ உப்போ கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். என் ஆட்களை நிதானமாக நடக்கவிட்டு, சுற்றிலும் பார்த்த பிறகுதான் ஊர் வைப்பேன். ஜீவா நிலத்தைப் பார்க்கவே மாட்டான். என் ஆட்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று மட்டும் பார்ப்பான். நான் போய்ச் சேர ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது குறுக்கே புகுந்து அதே இடத்தில் ஊரை வைத்துவிடுவான். "ஏனுங்க பாய், எடம் காலியாத்தானுங்க இருந்துச்சு" என்று சிரிப்பான்.

ஒரு நாள் என்றால் நானும் சிரித்திருப்பேன். வருஷக்கணக்காக இதே கதை. நீயாக ஒரு இடம் தேடத் தெரியாதா என்று கேட்டேன், அதற்கும் சிரித்தான். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. ஒரு விளையாட்டுக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று என் மனைவி ரிஸ்வானா கேட்பாள். அவளுக்கு என்னத்தைச் சொல்வது? யோசிப்பது ஒருவன், உட்கார்ந்து அனுபவிப்பது இன்னொருவன். இதில் கோபம் வராதவன் மனுஷனே இல்லை.

என் தோட்டத்துக்குக் கீழே ஒரு நிலம் கிடந்தது. சேலத்துக்காரர் ஒருவருடையது. அதன் கோடியில் கோடையிலும் வற்றாத ஊற்று. பின்னால் பாறைச் சரிவு, காற்று அடிக்காது. வீடு கட்ட அதைவிட நல்ல இடம் இந்த மலையில் இல்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பருவத்திலும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஜீவாவையும் கூட்டிப் போய், வீடு எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னேன். அடுத்த மாதமே அவன் அதை வாங்கிவிட்டான். நான் சொன்ன திசையைப் பார்த்தே அஸ்திவாரம் போட்டான். நான் வாழ்த்துச் சொன்னேன். குழாய்களைக்கூட என் கடையில்தான் எடுத்தான்.

அந்த ஊற்றுக்குத்தான் கோடையில் காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க வரும். காலங்காலமாக என் காப்பிச் செடிகளுக்கு நடுவில்தான் அவற்றின் வழி. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு சார். யார் வேலி போட்டாலும் மிருகங்கள் தண்ணீருக்குப் போகத் தண்ணி வழி என்று ஒன்றை விட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்து, வழி இதுதான் என்று காட்ட வேண்டும். கூலி ஆட்கள் வரை அன்றைக்கே தெரிந்துகொள்வார்கள். பிறகு காலையிலும் சாயங்காலமும் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

ஜீவா கதவு, ஜன்னல் எடுக்கச் சேலத்துக்குப் போயிருந்த வாரத்தில் என் நிலத்தை முழுக்கச் சுற்றி வேலி போட்டேன். யாரையும் கூட்டி நடக்கவில்லை. அவன் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"தண்ணி வழி உட்டிருக்கீங்களா பாய்?"

"உட்டிருக்கேன், போப்பா" என்றேன்.

பொய் இல்லை. என் வேலிக்கும் பாறைச் சரிவுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அது நேராக அவன் வீட்டுப் பின்வாசலில் போய் முடிந்து, அங்கிருந்து ஊற்றுக்கு இறங்கும். அவன் வேலியை வந்து பார்க்கக்கூட இல்லை.

ஜீவா குடிவந்த பிறகு எருமைகள் வந்தன. என் வேலியில் மூக்கு பட்டு, ஷாக் அடித்துத் திரும்பி, சந்துக்குள் போயின. மறுநாள் குளம்புத் தடத்தைப் பார்த்தேன். நான் போட்ட கணக்கில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. நிம்மதி இல்லாத ஊரில் ஜனம் தங்காது, தானாகக் கிளம்பிவிடும். விளையாட்டில் அப்படித்தான். இவன் கிளம்பவில்லை. குழாய் உடைந்தது, மாட்டிக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி உருண்டது, நிமிர்த்தி வைத்தான். அவன் மனைவி சிவரஞ்சனி அந்தக் குளம்புத் தடத்திலேயே பீன்ஸ் விதை ஊன்றினாள். இரண்டு பேருக்கும் எதுதான் உறைக்கும் என்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம் கூட்டத்தைவிட்டுப் பிரிந்த ஒற்றைக் கடா ஒன்று வர ஆரம்பித்தது. ஒற்றைக் கடா ஆளைக் கண்டால் பாயும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பார்த்தவன் நான்தான். வேலியில் இரண்டு கம்பத்தைப் பிடுங்கியிருந்தால் அது பழைய வழியில் என் தோட்டத்துக்குள் போயிருக்கும். நான் பிடுங்கவில்லை. தொய்ந்திருந்த கம்பியை இழுத்துக் கட்டினேன். ஜீவாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் பனி மூடியிருந்தது. நான் தோட்டத்தில்தான் இருந்தேன். பல் துலக்க அவன் பின்வாசலுக்கு வந்திருக்கிறான். சத்தம் கேட்டு முதலில் ஓடியதும் நான்தான். ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதை வளைவுகளில் தலை ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டேன். சேலம் போய்ச் சேரும் முன்பே போய்விட்டான். சரியாக எழுத வேண்டுமென்றால், எருமை கொன்றது என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அதற்கு இடம் பார்த்துக் கொடுத்தது நான். தெரிந்துதான் கொடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சிவரஞ்சனி கடைக்கு வந்தாள். பொறந்த வீடு கொட்டச்சேடு, அங்கேயே போகப் போகிறாளாம். நிலத்தை நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"அவரு சொல்லிட்டே இருப்பாருங்க அண்ணா," என்றாள். "பாய் ஒரு எடத்தப் பாத்துட்டாருன்னா அதுல தப்பே இருக்காது, கண்ண மூடிட்டு ஊடு கட்டலாம்னு. அவராட்ட எடம் பாக்க இந்த மலையில ஆளு இல்லைன்னு. அதனாலதானுங்க நானும் சரின்னேன்."

எத்தனை மழைக்காலம் அவனோடு தோளுரச உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். இதை அவன் ஒரே ஒரு தடவை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், தண்ணி வழியை என் பக்கமே விட்டிருப்பேன். சொல்லாமல் விட்டது அவன் தப்புத்தானே சார்?