சுண்டல் வைத்த இலை

கரமனையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் மடியில் நாக்கு வீங்கி, எச்சில் ஒழுக ஒரு பெண் குழந்தை.

“கொலுவுக்கு வந்தவாளுக்கெல்லாம் வாழை இலையில சுண்டல் கொடுத்தேன். நம்ம குழந்தைக்கு மட்டும் கூடத்துத் தொட்டியில இருக்கற அந்த விஷச் செடியோட இலையிலயா வைப்பேள்?”

“பச்சையும் வெள்ளையுமா அழகா இருந்தது. இலையையும் சேர்த்துக் கடிப்பாள்னு யார் கண்டா?”

“அதோட பால் பட்டு உங்க கை கொண்டுவந்த அன்னிக்கே அரிச்சதே! தெரியாதாக்கும்?”

“இனிமே தொட்டியை உசரத்துல வைக்கறேன். தொட்டா சோப்புப் போட்டுக் கழுவிக்கறேன்.”

“வேண்டாம். அந்தத் தொட்டி வெளியில போனாத்தான் நான் உள்ளே வருவேன்.”

“எங்க ஆபீசர் ஆசையாக் கொடுத்த செடி. ஞாயித்துக்கிழமை அதைப் பார்க்க வரேன்னிருக்கார். என்னத்தைக் காட்டறது?”

“இவ நாக்கைக் காட்டுங்கோ.”